மண்டபம் முகாமில் பொறுப்பேற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமின் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு மகிழ்ந்தேன். வருவாய்த் துறையில் பல ஆண்டுகள் முகாம் கோப்புகளோடு வாழ்ந்து, ஓய்வு பெற்று, இப்போது அயனாவரத்தில் இருக்கிறேன். மற்ற முகாம்களில் அதே நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் இறங்கப் போகும் ரயில் நிலையத்தின் பெயரே ‘மண்டபம் கேம்ப்’. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் கூலித் தொழிலாளர்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிறுத்தி வைத்து, நோய் இருக்கிறதா என்று சோதித்து அனுப்பிய இடம் அது. அவர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்கும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானபின் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாயகம் திரும்பியவர்களாக அதே கரைக்கு வந்து சேர்ந்தார்கள். இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, போருக்குத் தப்பியவர்கள் படகேறி வந்தார்கள். 2010 வரை அலை அலையாக மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தக் கடலைக் கடந்திருக்கிறார்கள். வானம் பார்த்த ராமநாதபுரம் மாவட்டம் அது. அப்படியிருந்தும் அந்தக் கரையோர ஊர்கள் அவர்களை ஏற்றுக்கொண்டன. படகோட்டிகள் பாதி வழியில் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனவர்களை நம் மீனவர்கள் கரை சேர்த்தார்கள். இதற்காக அந்த ஊர் மக்களுக்கு நாம் முறையாக நன்றி சொன்னதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

நான் வலியுறுத்த விரும்புவது முகாமில் இருப்போரின் விவரங்களை எழுதும் பதிவேட்டைப் பற்றி. வீடு, உதவித்தொகை, அரிசி எல்லாம் தேவைதான். 2021-இல் அரசு குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய் என்று உயர்த்தியதும், புதிய வீடுகள் கட்ட முன்வந்ததும் நல்ல காரியங்கள். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்து ஒருவருடைய தலையெழுத்தைத் தீர்மானிப்பது, அன்று ஓர் எழுத்தர் எழுதிய ஒற்றை வரி.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமகன் என்பது குடியுரிமைச் சட்டம். 1986-இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண், அந்தப் பிறப்புச் சான்றிதழின் பலத்தில்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் 2022-இல் கடவுச்சீட்டுக்கான உத்தரவைப் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். அவர் உரிமையை யாரும் புதிதாகக் கொடுக்கவில்லை. பிறந்த நாளிலிருந்தே அது அவருடையது; அதை மெய்ப்பிக்கக் காகிதம் இருந்தது, அவ்வளவுதான்.

காகிதம் சரியில்லாதவர்களின் நிலையையும் பார்த்திருக்கிறேன். ஒரு முகாமின் பழைய பதிவேட்டில், ஓர் இளைஞரின் பிறந்த ஆண்டின் கடைசி இலக்கத்தின் மேல் யாரோ நீல மையால் மறுபடி எழுதியிருந்தார்கள். ஆறா ஏழா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியவில்லை. திருத்தியவர் பக்கத்தில் சுருக்கொப்பமும் இடவில்லை. மாதம் செப்டம்பர். ஆறு என்றால் அவர் இந்தியர். ஏழு என்றால் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்த தாய் தகப்பனின் பிள்ளை, தானும் அயல்நாட்டவர். பெயிண்டிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அந்த மனிதர், ஞானஸ்நானம் கொடுத்த தேவாலயத்தைத் தேடி, கூலியை இழந்து அலைந்தார். அங்கே இருந்த பதிவேட்டில் 1986 என்று தெளிவாக இருந்தது. தேவாலயத்தார் பத்திரமாக வைத்திருந்ததை அரசாங்கத்தால் வைத்திருக்க முடியாதா என்ற கேள்வி இன்னும் என்னை அறுக்கிறது.

தேதிகள் இப்படியே தொடர்கின்றன. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்துகொண்டவர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு 2025-இல் விலக்கு அளித்தது. பொருளாதார நெருக்கடியால் 2022 மார்ச் முதல் தனுஷ்கோடித் திட்டுகளில் வந்திறங்கியவர்கள் அதற்கு வெளியே நிற்கிறார்கள். 2019-இல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்குக் குடியுரிமைக்கு வழி திறந்தவர்கள் இலங்கையைச் சேர்க்கவில்லை. அது பெரும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. அதைச் சரி செய்யும் அதிகாரம் உங்களிடமும் இல்லை, என்னிடமும் இருந்ததில்லை. ஆனால் அது என்றாவது சரியாகும் நாளில் முதலில் கேட்கப்படுவது எப்போது வந்தீர்கள், எங்கே பிறந்தீர்கள், பெற்றோர் யார் என்பதாகத்தான் இருக்கும்.

ஆகவே, முகாமில் ஆட்களை நேரில் சரிபார்த்து உதவித்தொகை கொடுக்கும் செக்கிங் நாளில் கையெழுத்தும் தொகையும் முடிந்த கையோடு ஆட்களை அனுப்பிவிடாதீர்கள். 1987 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர்களின் சான்றிதழ்களைக் கேட்டு வாங்கிப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்திலிருந்து வந்தவர்கள் என்றால் தாத்தா பாட்டியின் சொந்த ஊர், தாலுகா முதற்கொண்டு கேட்டு எழுதுங்கள். அவர்கள் இந்திய வம்சாவளியினர் என்பதற்கு வேறு ஆதாரம் எஞ்சாமல் போகலாம். முழுப் பெயரை எழுதுங்கள், முன்னெழுத்தோடு நிறுத்தாதீர்கள். எங்கே திருத்தினாலும் பக்கத்தில் தேதியோடு ஒப்பமிடுங்கள். கடல் காற்றில் காகிதம் சீக்கிரம் நைந்துவிடும் என்பதால், பழைய பதிவேடுகளை முதல் மாதத்திலேயே ஸ்கேன் செய்து, ஒரு பிரதியை ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கும் மற்றொன்றைச் சென்னைக்கும் அனுப்பிவிடுங்கள். அந்தந்தக் குடும்பத்தின் பக்கத்தை அவர்கள் கையிலேயே ஒரு நகல் கொடுங்கள். விதியில் இடமில்லை என்று யாராவது சொன்னால், எழுத்தில் தரச் சொல்லி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அயனாவரத்திலிருந்து உங்கள் அண்ணன்