அனுப்புநர் முகவரி இல்லாமல் ஒரு கடிதம்

இங்கிலாந்து,
16 நவம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதை வீட்டுக்குப் போடாமல் உன் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிறேன். அம்மா கையில் கிடைத்தால் பாதி படிப்பதற்குள் அழ ஆரம்பித்துவிடுவாள். வாட்ஸ்அப்பில் ஏன் ஆளையே காணோம் என்று நினைத்திருப்பாய். பழைய போனை விட்டுவிட்டேன், நான் எங்கே இருக்கிறேன் என்பதை அது என் வீட்டுக்காரருக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. ஊர் பெயரும் எழுதப் போவதில்லை. இந்தப் பெண்கள் விடுதியில் இருப்பவர்கள் முகவரியை யாரிடமும் சொல்லக் கூடாது, அதுதான் இங்கே முதல் விதி. லண்டனிலிருந்து தூரம், கடல் காற்று அடிக்கும், நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். இவ்வளவு போதும்.

நான் நன்றாக இருக்கிறேன். மணிக்கட்டு வலி போய்விட்டது, சப்பாத்தி தேய்க்கும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது.

அவர் போன் பண்ணி "உங்க பொண்ணு ஓடிப்போயிட்டா" என்று சொன்னது எனக்குத் தெரியும். ஓடித்தான் வந்தேன். (இவ்வளவுக்குப் பிறகும் கை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறது. பழக்கம், விடு.)

அடித்ததைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தைப் பற்றி எழுத வேண்டும். "ஹோம் ஆபீசுக்கு ஒரு மெயில் போட்டா போதும், அடுத்த ஃபிளைட்ல உன்னை ஏத்திடுவாங்க." ஹோம் ஆபீஸ் என்பது இங்கே விசா பார்க்கிற அரசுத் துறை. வந்த மூன்றாம் வாரம் முதல்முறை சொன்னார், சோற்றில் உப்பு குறைந்ததற்கு. அப்புறம் வாரத்துக்கு இரண்டு முறையாவது அது வரும். உண்மையைச் சொன்னால் அடிக்குப் பயந்ததைவிட அந்த மெயிலுக்குத்தான் நான் அதிகம் பயந்தேன். அப்பா கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை, நான் பெட்டியோடு வந்து வாசலில் நின்றால் தெரு என்ன பேசும் என்று எனக்கு மனப்பாடமாகவே தெரியும். போதாததற்கு, என் விசாவுக்கும் ஆஸ்பத்திரி வரிக்கும் கிட்டத்தட்ட 5,000 பவுண்டு கட்டிய கணக்கு வேறு தினமும் வரும். நம்முடைய 40 சவரனைப் பற்றிப் பேச்சே வராது.

விசா என்றால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் என்று நீ நினைப்பாய். இப்போது எல்லாம் ஆன்லைனில் ஒரு கணக்கு. அந்தக் கணக்கை அவர்தான் திறந்தார், அவர் மெயில், அவர் போன் நம்பர் போட்டு. என் விசாவை நானே பார்க்க வேண்டும் என்றாலும் அவர் போனுக்கு வரும் ரகசிய எண்ணை அவரிடம்தான் கேட்க வேண்டும். பிறகு எப்படித் தெரியும், மெயில் போட்டால் என்ன ஆகும் ஆகாது என்று?

கதவு திறந்தது வேடிக்கையான இடத்தில். இங்கே 25 வயதானால் எல்லாப் பெண்களுக்கும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வரச் சொல்லிக் கடிதம் வரும். ஜூலையில் போனேன். மற்ற நேரமெல்லாம் டாக்டரிடம் எனக்குப் பதிலாக அவரே பேசிவிடுவார். அன்றைக்கு உள்ளே வர முடியாதே, வெளியே உட்கார்ந்திருந்தார். நர்ஸ் என் தொடையில் இருந்த தடத்தைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, கதவைத் தாழிட்டுவிட்டு, மேசைப் போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் மொழிபெயர்ப்பவர் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா. "வீட்டில உங்களுக்குப் பயம் ஏதும் இருக்கோ பிள்ளை?" என்று கேட்டார். பிள்ளை என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் உடைந்துபோனேன் அக்கா. ஒரு வருஷத்துக்கு மேல் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

வீட்டில் கொடுமைக்கு ஆளாகும் பெண்களுக்கான உதவி நம்பர் ஒன்றை நர்ஸ் சொன்னாள், 0808 2000 247. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, காசு கிடையாது. எழுதிக் கொடுத்தால் அவர் பையைப் பார்ப்பார் என்றேன். சரி என்று சாமான் பட்டியல் மாதிரி எழுதச் சொன்னாள்: பால் 08, ரொட்டி 08, வெங்காயம் 2000, தக்காளி 247. இரண்டாயிரம் வெங்காயம் எதற்கு என்று அவருக்குத் தோன்றாதது என் அதிர்ஷ்டம். அந்தச் சீட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விடுதியில் இடம் கிடைக்க ஆறு நாள் ஆனது. அவர் வேலைக்குப் போன பிறகு ஒரு பையோடு கிளம்பினேன். பாஸ்போர்ட்டைப் பிறகு போலீஸ் போய் வாங்கிக்கொண்டு வந்தது.

இனி கவனமாகப் படி. அவர் சொன்ன அந்த மெயில் வாக்கியம் பொய். கணவனை விட்டு வந்தது தெரிந்தால் ஹோம் ஆபீஸ் அந்த விசாவை ரத்து செய்யலாம், அது உண்மை. ஆனால் பிரிட்டிஷ் குடிமகனுக்கோ இங்கே நிரந்தரமாக இருப்பவருக்கோ மனைவியாக வந்தவள், கொடுமையால் அந்த மணவாழ்க்கை முறிந்தால், அவளே தன் பெயரில் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கேட்கலாம். அவர் கையெழுத்து வேண்டாம். சாதாரணமாக ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டியதற்கு இதில் காத்திருக்க வேண்டாம், ஆங்கிலப் பரீட்சையும் இல்லை. அவர் ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டும் என்பதும் இல்லை. நர்ஸ் எழுதிவைத்த குறிப்பு, போலீஸ் பதிவு, இந்த விடுதிக்காரர்கள் கொடுத்த கடிதம், இவற்றை வைத்துத்தான் என் வக்கீல் மனு எழுதினாள். கட்டணம் 3,029 பவுண்டு என்று கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. கையில் ஒன்றும் இல்லாதவர்களுக்கு அது தள்ளுபடி, வக்கீலுக்கும் அரசே கொடுக்கிறது.

மனு போடும்வரை சாப்பாட்டுக்கு? என் விசாவில் ‘அரசுப் பண உதவி கிடையாது’ என்று இருந்தது. இது போன்ற விடுதிகளுக்கு வாடகை பெரும்பாலும் அந்த அரசுப் பணத்தில்தான் வருகிறது, அதனால் எங்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைப்பதே கஷ்டம். இதற்காக 2012இல் ஒரு சலுகை கொண்டுவந்தார்கள். மூன்று மாதத்துக்குத் தனி அனுமதி, உதவிப் பணம் வாங்கலாம், அதற்குள் நிரந்தர உரிமை கேட்கும் பெரிய மனுவைப் போட்டுவிட வேண்டும். சும்மா கொண்டுவரவில்லை, சௌத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்று 1979இல் நம்மவர் மாதிரிப் பெண்கள் ஆரம்பித்த அமைப்பு, அவர்களும் மற்றவர்களும் வருஷக்கணக்கில் கத்தி வாங்கியது. ஒரு கண்ணி மட்டும் உண்டு: இதை வாங்கிய நிமிஷமே பழைய விசா போய்விடும். வக்கீலிடம் பேசாமல் அவசரப்பட்டு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நான் பெரிய மனுவை அக்டோபரில், கெடுவுக்குள் போட்டுவிட்டேன். முடிவு வரும்வரை அனுமதி தானாகவே நீளும். முடிவு இன்னும் வரவில்லை.

இப்போது மாதம் 400 பவுண்டு வருகிறது. சமையலறை ஐந்து பேருக்குப் பொது, அலமாரியில் ஆளுக்கு ஒரு தட்டு. பக்கத்துத் தட்டு ஒரு பஞ்சாபிப் பெண்ணுடையது. அவளுக்குக் கொடுமை என்னைவிட மோசம். ஆனால் அவள் கணவன் வேலை விசாவில் வந்தவன், நிரந்தர உரிமை இல்லாதவன். 2024 பிப்ரவரியிலிருந்து அவளைப் போன்றவர்களுக்கும் அந்த மூன்று மாதச் சலுகை உண்டு. மூன்று மாதம் முடிந்தால்? நான் போட்ட மனுவை அவள் போட முடியாது. அடி இரண்டு பேருக்கும் ஒன்றுதான், சட்டம் பார்ப்பது அடித்தவனுடைய விசாவை. இதை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்ன அன்று இரண்டு பேரும் சமைக்கவில்லை.

உனக்கு இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. மேலத்தெருப் பெரியம்மா மகள், திருவிழாவுக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டு, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவன் மட்டும் லண்டன் திரும்பிவிட்டானே, அவள். எல்லோரும் விதி என்று விட்டுவிட்டார்கள். 2024 ஜனவரியிலிருந்து அப்படிக் கைவிடப்பட்டவர்கள் ஊரிலிருந்தே மனு போடலாம். அவள் கடைசியாக அவன் மனைவி விசாவில் இருந்தாள், அவனும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரன். அவளிடம் நேரில் போய்ச் சொல், போனில் வேண்டாம். அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்.

அம்மாவிடம் என்ன சொல்வாய் என்று உன்னிடமே விட்டுவிடுகிறேன். போன வருஷம் நான் அழுதபோது "கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றாள், நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். கோபம் இல்லை. அன்றைக்கு நீ ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று மட்டும் அவ்வப்போது தோன்றும்.

என் பி.எஸ்சி. சான்றிதழ் அப்பாவின் பச்சை டிரங்குப் பெட்டியில், பத்திரத்துக்கு அடியில் இருக்கும். ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு அசலை அனுப்பு. இங்கே கல்லூரியில் இலவச ஆங்கில வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், அடுத்து லேப் வேலைக்கு எழுதிப்போடலாம் என்று டீச்சர் சொல்கிறாள். இடம் இருந்தால் கால் கிலோ சுண்டைக்காய் வற்றலும் வை. இங்கே கடையில் கிடைப்பதில் கசப்பே இல்லை.

தனித் தாளில் ஒரு தபால் பெட்டி எண் எழுதியிருக்கிறேன், பதிலை அதற்கு அனுப்பு. பெயரை எழுதும்போது அவருடைய பெயரைச் சேர்க்காதே. அப்பா இனிஷியலே போடு.

உன் தங்கை