டிஃபெண்டர் மேல் கை வைப்பதற்கு முன்

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள கயல்,

போனில் சொன்னால் பாதி உன் ஹாஸ்டல் சிக்னலிலேயே போய்விடுகிறது. எழுதிவிட்டால் லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று எழுதுகிறேன்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்டது இது: ஆய்வேட்டைத் திறக்கவே யுகமாகிறது. ஃபேன் சீறுகிறது. டாஸ்க் மேனேஜரில் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ என்று ஒன்று உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து அறைப் பெண், ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கும் இடத்தில், ஒரு வரியைச் சேர்த்தால் அதை நிரந்தரமாக அணைத்துவிடலாம் என்கிறாள். சரிதானே?

அந்த வேலையை மட்டும் செய்யாதே. முதலில், அது பலிக்காது. விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரை மொத்தமாக அணைக்க ஊரெல்லாம் சொல்லித் திரியும் அந்த ரெஜிஸ்ட்ரி வரியை 2020 ஆகஸ்டிலிருந்து வீட்டுக் கணினிகளில் டிஃபெண்டர் கண்டுகொள்வதே இல்லை. டேம்பர் புரொடெக்‌ஷன் என்று, அதன் செட்டிங்ஸை வேறு யாரும் மாற்றாமல் காக்கும் ஒரு பூட்டும் இருக்கிறது. செட்டிங்ஸில் போய், ஃபைலைத் தொட்டவுடன் சோதிக்கும் ரியல் டைம் புரொடெக்‌ஷனை அணைத்தாலும் சற்று நேரத்தில் அது தானே எழுந்துகொள்ளும். அதைவிட முக்கியம், உன் பிழைப்பு பென் டிரைவில் ஓடுகிறது. துறைக் கணினி, நூலக ஸ்கேனர், கேட்டுக்கு வெளியே ஜெராக்ஸ் கடை என்று ஒரே டிரைவ் எல்லா இடத்திலும் போய்ச் செருகிக்கொண்டு வருகிறது. எங்கள் ஆடிட்டர் ஆபீசுக்கு வரும் பென் டிரைவ்களில் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடப்பதை நான் இன்றைக்கும் பார்க்கிறேன். அந்த மாதிரி வைரஸ் ஒன்று உன் கல்வெட்டுப் படங்களுக்குள் புகுந்தால் நான்கு வருட உழைப்பு என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

உச்சியில் நிற்கும் அந்தப் பெயர் டிஃபெண்டரின் எஞ்சின்தான். நீ ஒரு ஃபைலைத் திறந்தால், சேமித்தால், ஜிப்பைப் பிரித்தால், அது குறுக்கே வந்து பார்த்துவிட்டுத்தான் விடும். நம் அபார்ட்மென்ட் கேட்டில் டெலிவரிப் பையன்கள் ஒவ்வொருவருக்கும் செக்யூரிட்டி போன் போட்டுக் கேட்டு உள்ளே விடுகிறாரே, அப்படி. ஒருவர் வந்தால் தெரியாது. நீ ஆயிரக்கணக்கான ஸ்கேன் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, தம்ப்நெயில் காட்டு என்று சொன்னால் அத்தனையும் ஒரே நேரத்தில் கேட்டில் நிற்கும்.

இது ஒரு வகை. இன்னொரு வகை, நேரம் வைத்து நடக்கும் ஸ்கேன். இங்கேதான் உன் பழக்கம் குறுக்கே வருகிறது. விண்டோஸ் தன் வீட்டு வேலைகளை, அதாவது ஸ்கேன், அப்டேட் சுத்தம், டிஸ்க் பராமரிப்பு எல்லாவற்றையும், இரவு 2 மணிக்குச் செய்யப் பார்க்கும். நீயோ படுக்கப் போகும்போது மூடிப் பையில் வைத்துவிடுகிறாய். விட்டுப்போன வேலைகள், பகலில் நீ டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்துத் தொடங்குகின்றன. திரும்பி வந்தால் ஃபேன் அலறுகிறது, உனக்குக் கோபம் வருகிறது. வாரத்தில் ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்துத் திறந்தே விட்டுவிடு. பகல் நேரத் தொல்லையில் பெரும்பகுதி இதிலேயே குறையும். மெத்தை மேல் வைக்காதே. கீழே காற்று போகும் ஓட்டை அடைபட்டால் பிராசசர் சூடாகித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டெல்லி மே மாத வெயிலுக்கு அது சொல்லாமலே நடக்கும்.

நேரத்தை நீயே வைக்க வேண்டுமென்றால் டாஸ்க் ஷெட்யூலரைத் திற. அதில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று வரிசையாக உள்ளே போனால் ஷெட்யூல்டு ஸ்கேன் இருக்கும். டிரிக்கரில் உனக்கு வசதியான கிழமையும் நேரமும் போடு. ஸ்கேன் எவ்வளவு பிராசசரை எடுக்கலாம் என்பதற்கும் ஒரு அளவு உண்டு. வழக்கமாக 50 சதவீதம் என்று இருக்கும், கட்டளை தட்டும் பவர்ஷெல் திரையில் ஒரே வரியில் அதை 20 ஆக்கலாம். ஆனால் இது நேரம் வைத்த ஸ்கேனுக்குத்தான். ஃபைல் திறக்கும்போது நடக்கும் சோதனையை இது தொடாது. கணினி சும்மா இருக்கும்போது நடக்கும் ஸ்கேனுக்கும் சாதாரணமாக இந்த அளவு பொருந்தாது. இதைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை மந்திரம் மாதிரி விற்கிறவர்கள் அதிகம்.

ஃபைல் திறக்கும் சோதனைக்கு விலக்கு கொடுக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்குளூஷன்ஸ் என்று இருக்கும். கண்மூடித்தனமாகக் கொடுக்காதே. முதலில் எது நேரத்தைத் தின்கிறது என்று டிஃபெண்டரையே கேட்கலாம். பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து அதன் பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, வழக்கம்போல வேலை செய்துவிட்டு, என்டர் தட்டி நிறுத்து. அப்புறம் ரிப்போர்ட் கேட்டால் எந்த ஃபைலுக்கு, எந்தப் புரோகிராமுக்கு எவ்வளவு நேரம் போனது என்று வரிசையாகக் காட்டும். உன் கல்வெட்டுப் படங்கள்தான் என்று தெரிந்தால், நீயே எடுத்த, ஏற்கெனவே முழுதாக ஸ்கேன் செய்த அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் விலக்கு கொடு. டவுன்லோட்ஸுக்கோ, பென் டிரைவுக்கோ, சி டிரைவ் முழுவதற்குமோ கொடுத்தால் அணைத்ததற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை.

லேப்டாப்போடு இலவசமாக வந்த இன்னொரு ஆன்டிவைரஸ் உன்னிடம் இருந்ததே, ‘புதுப்பி, புதுப்பி’ என்று நச்சரித்துக்கொண்டு? அதைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய். டிஃபெண்டர் தானே பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் என்றுதான் சொல்கிறேன், ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஓடும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் அடிப்பகுதி அப்படியே டிஸ்க்கில் உறங்கப் போய், மறுநாள் அதே நிலையில் எழும். உண்மையான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட்டில்தான்.

டாஸ்க் மேனேஜருக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து. ஆன் செய்த உடனே பார்க்காதே. அப்போது எல்லாரும் ஓடிக்கொண்டிருப்பார்கள், யார் மேலும் பழி போடலாம். கொஞ்ச நேரம் கழித்து, நிஜமாகவே மந்தமாக இருக்கும்போது பார். ஸ்டார்ட்டப் பக்கத்தில் உனக்கு வேண்டாததை டிஸேபிள் செய். மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரிண்டர் உதவியாளர் எதுவும் காலையிலேயே எழ வேண்டியதில்லை. குரோமில் சிஸ்டம் என்ற பகுதிக்குப் போய், மூடிய பிறகும் பின்னணியில் ஓடும் அனுமதியை எடுத்துவிடு. இணையத்தில் சர்வீஸ் பட்டியலே கொடுத்து எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். ஃபைல்களைத் தேட விண்டோஸ் வைத்திருக்கும் சர்ச் இண்டெக்சை நிறுத்தினால் நாளைக்கு உன் குறிப்புகளைத் தேடும்போது நீதான் கஷ்டப்படுவாய். ‘ஸ்பீட் அப்’, ‘கிளீனர்’ என்று வரும் எதையும் போடாதே. பின்னணியில் ஓடுவது அதிகமாகிவிட்டது என்று இன்னொன்றை ஓடவிடுவது என்ன வைத்தியம்?

இவ்வளவும் சொன்னாலும், எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். டாஸ்க் மேனேஜரில் சிபியு 15, 20 என்று இருந்து, டிஸ்க் மட்டும் 100 காட்டினால் குற்றவாளி டிஃபெண்டர் இல்லை, நீ எம்.ஏ. சேர்ந்தபோது வாங்கிய அந்தச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான். நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 11 மில்லி செகண்ட் ஆகிறது. சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களைப் பொறுக்குவதென்றால் செகண்டுக்கு நூறைத் தொடுவதே கஷ்டம். சுழலும் பாகமே இல்லாத சாதாரண எஸ்எஸ்டி டிஸ்க் அதே வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும். வைரஸ் ஸ்கேன், இண்டெக்ஸ், அப்டேட் மூன்றும் அந்த ஒரு டிஸ்க்குக்காகச் சண்டை போடும்போது உன் வேர்டு ஃபைல் ஓரமாக நிற்கிறது. பணம் செலவழிக்க மனம் இருந்தால் இதற்குச் செலவழி. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதையும் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருக்கிறது. நகரும், அவ்வளவுதான்.

டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தொட்டால் ஹெச்டிடியா எஸ்எஸ்டியா என்று போட்டிருக்கும். அதையும் மெமரியையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு. சித்தப்பா கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போகும்போது விலை விசாரித்து வைப்பார். மாற்றுவதற்கு முன் படங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துவிடு. எடுத்தேன் என்று நீ சொன்ன பிறகுதான் அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடுவார். பவர்ஷெல் வரிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், கையால் தட்டாதே, அப்படியே ஒட்டு.

பருப்புப்பொடி தீர்ந்திருக்கும். இந்த வாரம் கூரியரில் போடுகிறேன்.

அம்மா