வளாகத்து ஆய்வுகூடத்துக்கு ஓர் அச்சகத்திலிருந்து

கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்து விரிவுரையாளர்களுக்கும் மாணவர்களுக்கும், நம் மாவட்டத்து நீரிழிவுக் கிளினிக்குகளில் பணிபுரியும் வைத்தியர்களுக்கும் வணக்கம்.

இருபத்தாறு வருடமாக இந்த ஊரில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்கிறேன். கல்யாண அட்டை, கோயில் நோட்டீஸ், விளையாட்டுக் கழகங்களின் ரீசேட், இதுதான் என் பிழைப்பு. நீரிழிவுக்காரரின் பாதத்தில் எங்கே பாரம் கூடுகிறது என்று காட்டும் பாய் ஒன்றை அச்சிட உங்கள் உதவி கேட்டு எழுதுகிறேன். நனோப் பொருள் (கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துகள்களால் ஆனது), அழுத்த உணரி (அழுத்தத்தை மின்னளவாய்க் காட்டும் கருவி) என்றெல்லாம் இவன் ஏன் பேசுகிறான் என்று நினைப்பீர்கள். அப்பாவின் காலில் இருந்து தொடங்குகிறேன்.

அப்பாவுக்கு இருபது வருடச் சீனி வருத்தம். ஒருநாள் சந்தைக்குப் போய்வந்து செருப்பைக் கழற்றி விறாந்தையில் ஏறினார். சீமெந்துத் தரையில் அடிக்கு அடி சிவப்பு. அம்மாதான் முதலில் கண்டா. செருப்புக்குள் நகமளவு சிப்பி ஓடு ஒன்று நிமிர்ந்து நின்றது. காலை முழுக்க அதை மிதித்துக்கொண்டே நடந்திருக்கிறார். புண் ஆறவில்லை; இரண்டு விரல்களை எடுத்தார்கள். கட்டிலில் கிடந்தபடி, "குத்தினது எனக்கு ஏன் தெரியேல்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நரம்பு மரத்த கால் தன் வலியைச் சொல்லாது. சிப்பி ஓடே வேண்டாம், ஒரே இடத்தில் ஒவ்வொரு அடிக்கும் பாரம் கூடுதலாக விழுந்தாலே போதும், தோல் தடித்து உள்ளே புண்ணாகிவிடும். காலணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபஸ்கலுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று பாதப் பராமரிப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. சந்தைக் கணக்கில், ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறத்தாழ இரண்டு கிலோ. கால் சொல்லாத அந்த இரண்டு கிலோவைச் சொல்ல ஏதாவது ஒன்று வேண்டும்.

அது என் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது என்று தெரிந்தது ஒரு பழுதான கீபோர்டால். வளாகத்தில் படிக்கும் மருமகன் அதைக் கழற்றி உள்ளே இருந்த பிளாஸ்ரிக் தாள்களைக் காட்டினான். தாளில் வெள்ளி நிறக் கோடுகள். கோட்டின் ஓரத்தைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது: மை வழியும் வலைத்துணியான மெஷ்ஷின் பல்லுப் பதிவு. மையைத் தள்ளும் இறப்பர்த் தகடான ஸ்குவீஜியை இழுத்து அச்சிட்ட கோடு அது! அப்பா தினமும் விரலில் குத்தி இரத்தம் வைக்கும் சீனிச் சோதனைப் பட்டிகள் பலவற்றிலும் உள்ள மின்வாய்கள் (மின் தொடும் கோடுகள்) இப்படித்தான் அச்சிடப்படுகின்றன என்று பிறகு அறிந்தேன்.

அதன்பின் மருமகனும் நானும் இறங்கினோம். ஒன்றுக்குள் ஒன்று பல் நுழைந்தும் தொடாமலும் நிற்கும் இரண்டு சீப்புகளைப் படலத்தில் அச்சிட்டோம். மேலே கரித்தூள் கலந்த மெல்லிய இறப்பர். பெருவிரலால் அழுத்த மல்ரிமீற்றரில் மின்தடை விழுந்தது, எடுக்க ஏறியது. மைதானத்தில் ஆட்கள் தள்ளித் தள்ளி நின்றால் கைக்குக் கை பொருள் போகாது. நெருக்கினால் கை எட்டும், வழி உண்டாகும். இறப்பருக்குள் கரித்துகள்களும் அப்படித்தான், நெருங்கினால் மின் போக வழி. கரியால் ஆன நனோக் குழாய்கள் நீளமும் மெல்லிசுமாய் இருப்பதால் கொஞ்சமே கலந்தாலும் அந்த வழி உண்டாகிவிடுகிறது, இறப்பரின் மென்மையும் கெடாது. வெள்ளியும் நனோ அளவில் வேறு குணம் காட்டும். கட்டி வெள்ளி உருக 961 பாகை வேண்டும். நனோத் துகளாக மையில் கலந்திருந்தால் 150 பாகையை அண்டிய சூட்டிலேயே ஒன்றோடொன்று ஒட்டிக் கடத்தும். அந்தச் சூட்டைச் சாதாரண பொலியெஸ்டர்த் தாளும் தாங்கும்.

எங்கள் முயற்சி தோற்ற இடத்தையும் சொல்கிறேன். ஆடியில், கச்சான் வீசும்போது அச்சிட்ட துண்டு ஒழுங்காக வேலைசெய்தது. ஐப்பசியில் வாடைமழை தொடங்க, ஒரே எடைக்கு நாளுக்கொரு வாசிப்பு. காலை எடுத்தபின்னும் இறப்பர் உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஈரத்தையும் இந்த மந்தத்தையும் எங்களால் வெல்ல முடியவில்லை. அதற்குத்தான் நீங்கள் வேண்டும்.

ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "அச்சகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார்கள். அந்த வார்த்தை இன்னும் சுடுகிறது.

புல்மோட்டைக் கறுப்பு மண் கப்பலேறுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் வெட்டும் காரீயம் (கிரபைட்) உலகில் மிகத் தூய்மையானவற்றுள் ஒன்று. அதில் இருந்துதான் கிரபீன் என்ற மிக மெல்லிய கரிப்படலத்தை உரிக்கிறார்கள். 2008 இல் தொடங்கிய நனோ தொழில்நுட்ப நிறுவகமே இப்போது ஹோமாகமவில் இருக்கிறது. அங்கே மை பிறக்கட்டும், இங்கே அச்சாகட்டும்.

என் யோசனை இது. முதலில் காலணிக்குள் போகவேண்டாம். மூடிய சப்பாத்துக்குச் செய்த கருவி செருப்புப் போடும் நம் சனத்துக்குப் பொருந்தாது. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது அந்தச் செருப்பையும் கழற்றிவிடுகிறோம். ஒரு பாய் செய்வோம். ஒரு தாளில் பதினாறு நெடுக்குக் கோடு, மற்றத் தாளில் பதினாறு குறுக்குக் கோடு, நடுவே அந்த இறப்பர். பன்பாய் இழைப்பது போலத்தான்: கோடுகள் வெட்டும் இடம் 256, வெளியே வரும் கம்பி 32. கிளினிக்குக்கு வருபவர் அதில் ஒரு நிமிடம் நின்றால், எந்த இடத்தில் பாரம் கூடுகிறது என்று திரையில் தெரியும். அயல் புள்ளியின் மின்னோட்டம் குறுக்கே புகுந்து கணக்கைக் குழப்பும். அதைத் தடுக்கும் சுற்று உங்கள் மாணவர்களின் வேலை. எத்தனை புள்ளி போதும், எந்த அளவில் எச்சரிக்கவேண்டும் என்பதை வைத்தியர்கள் சொல்லவேண்டும். கோடு பிசகாமல் நூறு பாய் அச்சிடுவது எங்கள் வேலை. இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்றை இதற்கு ஒதுக்குங்கள். மாரியிலும் சோதியுங்கள், வியர்த்த காலோடும் சோதியுங்கள்.

சீப்பு வடிவம் பதித்த சட்டம் இப்போதும் என் கடைச் சுவரில் தொங்குகிறது, வடிவத்தைப் பிடித்திருக்கும் எமல்ஷன் பூச்சைக் கழுவவில்லை. அளவுபார்க்கச் சந்தையில் ஒரு இரண்டு கிலோப் படிக்கல்லும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மேசை சும்மாதான் கிடக்கிறது. மையோடு வாருங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை அச்சுத் தொழிலாளி ஒருவன்