உங்காலை ஏலாது தம்பி

கோப்பாய்,
2025 புரட்டாதி

அன்பின் சிவா,

உன்ரை கடிதம் போன கிழமை கிடைச்சது. அமெரிக்காவிலை, பீனிக்ஸிலை மகள் வீட்டை போன இடத்திலை, சாரதி இல்லாத வேமோ காரிலை ஏறினதை நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். ஸ்ரியறிங் தன்ரை பாட்டுக்குத் திரும்பேக்கை நீ முருகா முருகா எண்டு இருந்த இடத்தை மனிசிக்கு ரண்டு தரம் வாசிச்சுக் காட்டினன். கடைசியிலை "உது எங்கடை ஊரிலை ஓடுமோடா?" எண்டு கேட்டிருந்தாய். ஒரு கிழமையாய் எனக்கு அதே யோசினைதான்.

முதல்லை அம்மாவின்ரை விஷயம். இப்ப சுகம். உன்னை விசாரிக்கிறா. ஆனால் நல்லூர்த் திருவிழா நேரம் ஒருநாள் பின்னேரம், நெஞ்சுக்குள்ளை நோகுது எண்டு சொல்லி வேர்த்துக் கொட்டிப்போட்டா. பக்கத்து வீட்டு வானைப் பிடிச்சம். ஓடின பெடியன் வவுனியாப் பக்கம், இஞ்சத்தை றோட்டுப் பழக்கமில்லை. போனை முன்னுக்கு வைச்சு, அது காட்டினபடி பருத்தித்துறை வீதியாலை நேரே விட்டான். நான் அம்மாவின்ரை தலையை மடியிலை வைச்சுக்கொண்டு பின்னாலை இருந்தன். நிமிர்ந்து பாத்தால் முன்னுக்குத் தடை, அங்காலை மணல் பரவின வீதி, நிறைஞ்ச சனம். 25 நாளும் கோயிலடி வீதி பூட்டுத்தான் எண்டு எனக்குத் தெரியாததே? அந்த நேரம் புத்தி வேலை செய்யேல்லை. போனிலை நீலக்கோடு இன்னும் கோயில் வாசலுக்குள்ளாலைதான் போகுது. பின்னாலை நாலைஞ்சு வாகனம் வந்து நெருக்கிப்போட்டுது.

கரையிலை கச்சான் வறுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எட்டிப் பாத்தா. "உங்காலை ஏலாது தம்பி. திருப்பிக் கல்வியங்காட்டுச் சந்திக்குப் போய் ஆடியபாதம் வீதியைப் பிடியுங்கோ. திருநெல்வேலியிலை ஏறிப் பலாலி வீதியாலை விட்டால் ஆஸ்பத்திரி." சொன்னதோடை நிக்கேல்லை. அகப்பையையும் கையிலை வைச்சுக்கொண்டு வந்து, பின்னாலை நிண்ட வாகனங்களை ஒவ்வொண்டாய் ஒதுக்கிவிட்டா. கால் மணித்தியாலம் போட்டுது மச்சான். "நேரத்துக்குக் கொண்டந்திட்டியள்" எண்டு டொக்டர் சொல்லுமட்டும் என்ரை கை நடுக்கம் நிக்கேல்லை.

எங்கடை சின்னவள் கிளிநொச்சி அறிவியல்நகரிலை, பொறியியல் பீடத்திலை கடைசி வருஷம். அவளின்ரை புரொஜெக்ற்றும் உதுதான். தடை வந்தால் தானாய்ப் பாதையை மாத்திப் போற ஒரு சின்ன வண்டில். அம்மா வீட்டை வந்த பிறகு ஒருநாள் இரவு, சதுர றூள் கொப்பியை எடுத்து எனக்கு விளங்கப்படுத்தினாள்.

ஒரு மூலைக் கட்டத்திலை ஆஸ்பத்திரி எண்டு எழுதி 0 போட்டாள். அதைத் தொட்ட கட்டங்களுக்கு 1, அதுக்கடுத்ததுகளுக்கு 2, இப்பிடியே கோப்பாய் மட்டும். ஒரு புளியங்கொட்டைதான் வான். "அப்பா, வான் பெரிசாய் ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை. பக்கத்துக் கட்டங்களிலை எது ஆகக் குறைஞ்ச எண்ணோ, அதுக்கு நகர்ந்தால் சரி." நாலு கட்டம் நகர்த்திப்போட்டு, நெருப்புப் பெட்டியைத் தூக்கி முன்னுக்கு வைச்சாள். நல்லூர்த் தடை. முழுப் பக்கத்தையும் அழிச்சுத் திருப்பித் தொடங்கப் போறாள் எண்டு நான் அழிறப்பரை நீட்டினன். அவள் அழிச்சது எட்டே எட்டுக் கட்டம். நெருப்புப் பெட்டி இருந்த இடத்தாலை வந்த எண்கள் மட்டும். ஆஸ்பத்திரிப் பக்கத்திலை கை வைக்கேல்லை. அங்கை ஒண்டும் மாறேல்லைத்தானே. புதுசாய் எட்டு எண் போட்டவுடனை புளியங்கொட்டை பக்கத்தாலை திரும்பிப் போகுது.

எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது. அந்தக் கச்சான்கார அக்கா செய்ததும் அதுதானே? நாங்கள் எங்கையிருந்து வந்தம் எண்டு அவ கேக்கேல்லை. ஆஸ்பத்திரியிலையிருந்து பின்னுக்கு எண்ணிக்கொண்டு வந்து, நாங்கள் நிண்ட இடத்திலை விட்டா.

இந்த முறைக்கு டி-ஸ்ரார் எண்டு பேராம். 1994 இலை கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து அந்தனி ஸ்ரென்ஸ் கொண்டுவந்தது. 2002 இலை கோனிக், லிகாச்சேவ் எண்ட ரண்டுபேர் அதே வேலையை இன்னும் சுருக்கமாய்ச் செய்யிற டி-ஸ்ரார் லைற் எண்ட முறையைத் தந்தவை. சேருற இடத்திலையிருந்து எண்ணுறதுக்குக் காரணம் இருக்கு. தடை அனேகமாய் வாகனத்துக்குக் கிட்டத்தான் கண்ணிலை படும். அதாலை தூரத்திலை போட்ட எண்கள் அப்பிடியே உதவும். இதுகளுக்கெல்லாம் மூலம், ஆகக் கிட்டின வழியைக் கண்டுபிடிக்கிற கணக்கைத் தந்த நெதர்லாந்துக்காரர் டைக்ஸ்ட்ரா. 1956 இலை அம்ஸ்ரடாமிலை, தான் கட்டப்போற பெட்டையோடை கடைவழிய திரிஞ்சு களைச்சு, ஒரு கோப்பிக் கடையிலை இருந்து இருபது நிமிஷத்திலை யோசிச்ச கணக்கு எண்டு அவரே சொல்லியிருக்கிறார். பேப்பரும் பென்சிலும் இல்லாமல்! அச்சிலை வந்தது 1959 இலை.

சாரதி இல்லாத வாகனங்களுக்குப் பாலைவனத்திலை அமெரிக்கன் வைச்ச போட்டியையும் சொன்னாள். 2004 இலை 15 வாகனம் வெளிக்கிட்டு ஒண்டும் முடிக்கேல்லை, ஆகத் தூரம் போனது 12 கிலோமீற்றர்கூட இல்லை. அடுத்த வருஷமே ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துக்காரரின்ரை ஸ்ரான்லி எண்ட கார் 212 கிலோமீற்றரையும் ஓடி முடிச்சு வெண்டது. ஸ்ரான்லி எண்டவுடனை, நீயும் நானும் ஸ்ரான்லி வீதியாலை ரியூசனுக்குச் சைக்கிள் மிதிச்சது ஞாபகம் வந்தது.

கட்டத்திலை போடுற எண் தூரமாய்த்தான் இருக்கோணும் எண்டில்லையாம். நேரத்தைப் போடலாம், ஆபத்தைப் போடலாம். அதைக் கேட்டு நான் கனநேரம் பேசாமல் இருந்தன். 93 இலை, சண்டைக்குள்ளை, நாங்கள் கிளாலிக் கடலேரியாலை போனதை நினைச்சுப் பார். ஆனையிறவும் பூட்டு, பூநகரியும் பூட்டு. கரையிலையிருந்து திரும்பி வந்த சனம் "இண்டைக்கு இறங்காதையுங்கோ, நேவி நிக்கிறான்" எண்டு சொல்ல, கொடிகாமத்திலை ஆற்றையோ வீட்டுத் திண்ணையிலை படுத்தம். அடுத்தநாள் இரவு வள்ளத்திலை, உன்ரை கொப்பா செபமாலை உருட்டிற மாதிரி விரலை எண்ணிக்கொண்டு வந்தவர். அந்தக் காலம் எங்கடை கணக்கிலை கிலோமீற்றர் இல்லை. எதிரை வந்த முகம் தெரியாத சனம் சொன்ன சொல்லை வைச்சுத்தான் உயிரோடை போய்ச் சேர்ந்தம். இப்ப 2011 இலை திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தாலை பஸ் போகேக்கை, எனக்கு ஒவ்வொரு தரமும் அந்த இரவுதான் வரும்.

அதாலை உன்ரை கேள்விக்கு என்ரை பதில் இது. கணக்கு இஞ்சையும் ஓடும். இடைஞ்சல் என்னெண்டால், தடை போட்ட செக்கனிலை அதை அந்தக் கணக்குக்குச் சொல்ல இஞ்சை ஒரு ஒழுங்கு இல்லை. தடை போடுறவர் அங்கையே நிண்டு போனிலை ஒருக்கால் அமத்தினால், கோப்பாயிலை வெளிக்கிடேக்கையே வான் வேறை வழியைப் பிடிச்சிருக்கும். இதைச் செய்யாமல் லட்சம் லட்சமாய்ச் செலவழிச்சுக் கமராவும், லேசராலை தூரம் அளக்கிற லைடாரும் பூட்டி என்ன பிரயோசனம்?

ஒழுங்கைகள் வேறை சங்கதி. ரண்டு பக்கமும் மதில், எதிரை ஒரு லான்ட்மாஸ்ரர். ஆர் பின்னுக்கு எடுக்கிறது? ஆருக்குப் படலை கிட்டவோ அவர் எடுப்பார், சுமையோடை வாறவருக்கு மற்றவர் விடுவார், பிரேதம் வந்தால் எல்லாரும் விடுவினம். எந்த வீதியாலை போறது எண்டது ஒரு கணக்கு, ஆருக்கு விடுறது எண்டது இன்னொரு கணக்கு, அடுத்த சில செக்கனுக்குச் சில்லு எந்தக் கோட்டிலை உருளுறது எண்டது மூண்டாவது எண்டாள் சின்னவள். எங்கடை ஊரிலை அந்த நடுக் கணக்குத்தான் ஆகக் கஷ்ரம் எண்டு நான் நினைக்கிறன்.

இப்ப சனி ஞாயிறிலை நானும் அவளும் சைக்கிளிலை போய் ஒழுங்கையளின்ரை அகலத்தை அளந்து ஆரும் திருத்தக்கூடிய ஓப்பின் ஸ்ரீற் மப்பிலை ஏத்திறம். நாடா பிடிக்கிறது நான், எழுதிறது அவள்.

ஆமி கனகாலம் பூட்டி வைச்சிருந்த பலாலி வீதியை ஏப்ரலிலை வயாவிளானாலை திறந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். திறக்கேக்கை, பகலிலை மட்டும் போகலாம், இடையிலை நிப்பாட்டக் கூடாது எண்டுதான் விட்டவை. நான் ஒருக்கால் போட்டு வந்தனான். உங்கடை வளவு எந்த இடம் எண்டு என்னாலை மட்டுக்கட்ட ஏலாமல் போச்சு. ஒரே பத்தை. மப்பிலையும் அந்தப் பக்கம் ஒழுங்கை ஒண்டையும் காணேல்லை. உங்கடை கிணத்தடிக்குப் பின்னாலை ஒரு ஒழுங்கை இருந்தது, நாங்கள் மாங்காய் பிடுங்க ஓடினது. அது அங்காலை வெட்டை மட்டும் போச்சுதோ, அல்லாட்டிப் பனை வடலியோடை முடிஞ்சதோ? கொம்மாவுக்குக் கட்டாயம் ஞாபகம் இருக்கும். கேட்டு, ஒரு படம் கீறி அனுப்பு. நேராய்க் கீறோணும் எண்டில்லை.

அன்புடன்,
உன்ரை நாதன்