பிள்ளைகள் வெள்ளம் கேட்டால் சிரிக்காதீர்கள்

குமரி மாவட்டத்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் பேத்தி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு நாள் வகுப்பில், "டீச்சர், வெள்ளம் குடிக்கட்டா?" என்று கேட்டிருக்கிறாள். "வெள்ளம் வந்தால் ஊரே முங்கிவிடும். தண்ணீர் என்று சொல்லு" என்றாராம் ஆசிரியை. வகுப்பே சிரித்திருக்கிறது. அந்த வாரம் அவளுடைய குப்பி நிரம்பியபடியே வீடு திரும்பியது. நான்காம் நாள் கவனித்துக் கேட்டபோதுதான், "பாட்டா, நம்ம பேச்சு தப்பா?" என்றாள்.

அந்த ஆசிரியை வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். வேண்டுமென்றே நோகடித்தார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உள்ளூர் ஆசிரியர்களே இப்படித் திருத்துவதையும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1-இல்தான் தமிழ்நாட்டோடு இணைந்தன. அதற்கு முன் திருவிதாங்கூரின் மண், 1949-க்குப் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியின் மண். மலையாளத்தோடு தோளுரசிப் பல தலைமுறை வாழ்ந்தோம். வெள்ளமும், பலாவைச் சொல்லும் சக்கையும் அப்படி நாவில் ஊறியவை. தமிழரோடு சேர வேண்டும் என்று மார்ஷல் நேசமணியின் பின்னால் நின்றவர்களும் இதே பேச்சுதான் பேசினார்கள். அந்தப் போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்கள், அன்று காலை வீட்டில் வெள்ளம் என்றுதான் கேட்டு வாங்கிக் குடித்திருப்பார்கள். அவர்களுடைய பேச்சையா தமிழில்லை என்று சொல்வது?

மெதுவாகப் போ என்பதற்கு 'பைய போ' என்போம். அதையும் சில வகுப்புகளில் விடுவதில்லை. 1098-ஆம் குறளைப் பாருங்கள், 'பைய நகும்' என்றே இருக்கிறது.

அப்புறம் மரச்சீனி. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் முனைந்து பரப்பிய கிழங்கு. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது அதனால்தான். தேர்வில் மரவள்ளி என்று எழுதச் சொல்லுங்கள், சரி. எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும். வீட்டுச் சொல்லைக் கூச்சப்பட்டு விழுங்க வைக்காதீர்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

இந்த ஆண்டு நவம்பர் 1-க்கு முன்னால் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு சொல்லையும், அதைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் கதையையும் கொண்டு வரட்டும். கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு அந்த நாளை முடித்துவிட வேண்டாம்.

என் பேத்தி கொண்டு வரப்போவது 'அண்டியாபீஸ்'. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. என் அம்மை அங்கேதான் வேலை பார்த்தார். கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைத்தாலும் தோட்டின் எண்ணெய் பட்டு விரல்நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். உப்பும் புளியும் பட்டால் எரியும். சோறு பிசைந்து தர முடியாத நாட்களில் பிலாவிலையை, அதாவது பலா இலையை மடக்கி, ஈர்க்கு குத்தி, கஞ்சியைக் கோரி எனக்கு ஊட்டுவார். இதைச் சொன்னபோது பேத்தி வெகுநேரம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டில் ஒரு பிலாவிலையை வரைந்து, அடியில் தன் பூட்டியின் பெயரை எழுதினாள்.

அவள் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்லும்போது யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டா,
திருவட்டாறு