நாய்ப் பூங்காவுக்கு முன் டேகேர்: நகராண்மைக் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராண்மைக் கழகத் தலைவர் அவர்களுக்கும் எங்கள் வட்டார உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பழைய ரப்பர் தோட்டத்து ஆலைக்குப் பின்னால் இருக்கும் திடலில் ஒரு மூலைக்கு வேலி போட்டு நாய்ப் பூங்கா ஆக்கப்போவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. அதே சமயம், கடைவரிசையின் கடைசியில் நாய் டேகேர் திறக்க ஒருவர் உரிமம் கேட்டிருப்பதாகவும் சொல்கிறார்கள். காலையில் நாயைக் கொண்டுபோய் விட்டால் மாலைவரை பார்த்துக்கொள்வார்கள். இரண்டும் நாய் விவகாரம்தானே என்று ஒரே கோப்பில் போட்டு, பூங்கா வருகிறது, டேகேர் எதற்கு என்று முடித்துவிடாதீர்கள். என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். டேகேருக்குக் கண்டிப்பான விதிகளோடு உரிமம் கொடுங்கள். பூங்காவை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள்.

தோட்டத்தில் இருந்தவரை நாயைக் கட்டிப்போட்டு வளர்த்தவர்கள் குறைவு. விடியற்காலையில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்களோடு அதுவும் மர நிரைக்குப் போகும். பாம்பைக் கண்டால் குரைக்கும், காட்டுப்பன்றியைத் துரத்தும், வெயில் ஏறியதும் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் வந்து படுத்துக்கொள்ளும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு மாறியபோது நாய்களும் கூடவே வந்தன. ஓடித் திரிய அவற்றுக்கு இருந்த இடம் மட்டும் வரவில்லை.

எங்கள் வரிசையில் ஒரு வீட்டில் கறுப்பு நாய் ஒன்று இருக்கிறது. அந்த அண்ணனுக்கும் அண்ணிக்கும் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். கார் நிறுத்தும் இடத்துத் தூணில்தான் நாயைக் கட்டியிருப்பார்கள். சங்கிலி எட்டுகிற தூரம்வரை சிமெண்டுத் தரை அரைவட்டமாகத் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. கழுத்தில் வார் உரசிய இடத்தில் மயிரே இல்லை. பிற்பகல் முழுக்கக் குரைக்கும்; பக்கத்து வீட்டுக்காரர் உங்களுக்குப் புகார் எழுதுவார். அந்த அண்ணனும் அண்ணியும் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்ல. சம்பளம் வந்த அன்றைக்கே அதற்குத் தீனி மூட்டை வாங்கிவிடுவார்கள். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக்கு 20,000 முதல் 100,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் இருக்கிறது, சிறையும் இருக்கிறது. அது வேண்டிய சட்டம்தான். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு அபராதத்தைக் காட்டி என்ன பயன்? பகலில் அந்த நாயைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்தான் அவர்களுக்கு வேண்டும்.

தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்ததே, நினைவிருக்கிறதா? அம்மாக்கள் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போவார்கள், ஆயா பார்த்துக்கொள்வார். டேகேரும் அந்த மாதிரிதான். பணக்காரர்களின் ஆடம்பரம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

பூங்காவில் நன்மை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு அரை மணி நேர ஓட்டம் பெரிய விடுதலை. காசு செலவில்லை, ஏழை பணக்காரர் எல்லாரும் வரலாம். 1979இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் தொடங்கிய ஓலோன் பூங்காவை இந்த வகைப் பூங்காக்களுக்கு முன்னோடி என்பார்கள். சிங்கப்பூரில் பீஷான் பூங்காவிலேயே நாய்களுக்கென்று வேலியிட்ட திடல் இருக்கிறது. ஆனால் சிங்கப்பூரில் நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். ஒரு நாய் கடித்துவிட்டால் அது யாருடையது என்று கண்டுபிடித்துவிடலாம். நம் ஊரில் எத்தனை நாய்களின் கழுத்தில் உரிமத் தகடு தொங்குகிறது? பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் இரவில் கடைகளுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள், தெரியும்.

எனக்குப் பெரிய பயம் நோய்தான். நாய்களின் குடலைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். தடுப்பூசி போடாத ஒரு நாய் கழித்துவிட்டுப் போன இடத்தை அடுத்த மாதம் ஒரு குட்டி முகர்ந்தாலே போதும். குட்டிகளுக்கோ பதினாறு வாரம்வரை சில வார இடைவெளியில் ஊசி போட்டால்தான் பாதுகாப்பு முழுமையாகும். அதற்கு முன்பே, "பழகட்டுமே" என்று பூங்காவுக்குத் தூக்கி வருவார்கள். அப்புறம் உண்ணி. நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது வருடம் முழுக்கப் பெருகும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் தீனியைத் தொடாது, சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வடியும். இதோடு வெறிநோயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் அது தலைகாட்டியது, 2017இலிருந்து சரவாக் அதனோடு போராடுகிறது. திறந்து கிடக்கும் வாசலில் ஊசி அட்டையை யார் கேட்பார்கள்?

சண்டையும் இருக்கிறது. இப்போதே மாலையில் திடலில் நாயை அவிழ்த்துவிடுகிறார்கள். போன மாதம் ஒரு பெரிய நாய் ஒரு குட்டை நாயைப் பெஞ்சுக்கு அடியில் மடக்கிவிட்டது. குட்டை நாயின் வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது, வாயை நக்கிக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டது. பெரிய நாயின் சொந்தக்காரர், "சும்மா விளையாடுது" என்றார். அது விளையாட்டு இல்லை, பயம். இந்த வித்தியாசம் தெரிந்தவர் ஒருவர் அங்கே இல்லாவிட்டால் வேலி போட்டும் பிரயோசனமில்லை. வேலிக்குள் சின்ன நாய்க்குத் தப்பிக்க வழி இன்னும் குறைவு.

திடலைப் பயன்படுத்தும் மலாய்க்காரக் குடும்பங்களையும் நினையுங்கள். நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்க முறை. பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்துக்குப் பக்கத்தில் பூங்கா வைத்தால் அவர்கள் திடலுக்கு வருவதையே விட்டுவிடுவார்கள். அதை நான் விரும்பவில்லை. அந்தத் திடல் எல்லாருக்கும் பொது.

டேகேரிலும் குறை உண்டு. மூடிய கடைவீட்டில் நாய்களை அடைத்தால் ஒன்றுக்கு இருமல் வந்தாலும் மற்றதற்கெல்லாம் தொற்றும். நாள் முழுக்கக் கூட்டத்தில் இருப்பது எல்லா நாய்க்கும் ஒத்துவராது. வயதானவையும் பயந்த சுபாவம் உள்ளவையும் வீட்டிலேயே நிம்மதியாக இருக்கும். கட்டணமும் இருக்கிறது. 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் குடும்பம் தினமும் விட முடியாது. வாரத்தில் இரண்டு நாள் விட்டாலும் அந்தக் கறுப்பு நாய்க்கு அது போதும் என்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பொறுப்பான ஓர் ஆள் இருப்பார். ஊசி அட்டை இல்லாத நாயை வாசலிலேயே திருப்பி அனுப்புவார், சண்டைக்காரனைத் தனியே பிரிப்பார். தவறு நடந்தால் நீங்கள் பிடித்துக் கேட்க ஒருவர் இருக்கிறார். பூங்காவில் யாரைக் கேட்பீர்கள்?

அதனால் உரிமத்தில் இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள்: தடுப்பூசிச் சான்று, பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் தனி அறை, காற்றோட்டம், மதியம் ஓய்வு, நாய்களை ஒருபோதும் ஆளில்லாமல் விடக்கூடாது என்ற நிபந்தனை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து சோதியுங்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, கால்நடை மருத்துவச் சேவை இலாகாவின் உதவியோடு தடுப்பூசி, கருத்தடை முகாம் நடத்துங்கள். முகாமுக்கு வரும் நாய்க்கு அங்கேயே உரிமத் தகடு மாட்டிவிடுங்கள். தெருநாய்களையும் விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலான நாய்கள் தகட்டோடு நடமாடும் நிலை வந்தபின் பூங்காவைப் பேசுவோம். அப்போதும் பிள்ளைகள் விளையாடும் பக்கம் வேண்டாம். ஆற்றோரம் கிடக்கும் காலி நிலம் போதும். நாய் தப்பி ஓடாதபடி இரட்டைக் கதவு, நிழலுக்கு மரம், தண்ணீர்க் குழாய், காலையும் மாலையும் மட்டும் திறப்பு.

இதைப் பற்றிப் பொதுமக்கள் கூட்டம் வைத்தால் வேலைநாளில் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் வையுங்கள். நாயைச் சங்கிலியில் கட்டிவிட்டு வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வீடு திரும்புவார்கள். அவர்கள் பேச வேண்டும்.

இப்படிக்கு,
தாமான்வாசி ஒருவர்