அண்ணா, இந்த நோட்டை நான் டைப் செய்யப்போவதில்லை

அண்ணா,

நீ கொடுத்துவிட்டுப் போன கவிதை நோட்டை முழுசாகப் படித்துவிட்டேன். இதை டைப் செய்து தரப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கடைசி வரை சுற்றி வளைத்துக்கொண்டிருப்பேன்.

நேரில் சொன்னால் நீ பேசியே ஜெயித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இருமுனைக் கோளாறு, மனசு ஒரேயடியாகப் பொங்குவதும் ஒரேயடியாகச் சோர்ந்துபோவதுமான நோய், என்று நீயே மேடையில் சொல்லிவிட்டாய். அதைத் தாண்டி நம் வீட்டில் நடந்த எதையும் இங்கே எழுத மாட்டேன், படிக்கிறவர்களும் கேட்க வேண்டாம். ஆனால் போன மாதம் "மாத்திரையை விட்டதும் கவிதை திரும்பி வந்துவிட்டது" என்றாயே, கைதட்டினார்களே, அதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்தக் கூட்டத்தில் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இன்னும் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்களோ.

எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற உன் நாலு வரிக் கவிதையைப் பித்தின் உச்சத்தில் பிறந்தது என்று அறிமுகப்படுத்துகிறார்கள். நீயும் மறுப்பதில்லை. தூங்காத அந்த வாரத்தில் நீ எழுதியது பக்கம் பக்கமாக இருந்தது, எழுத்து போகப் போகப் பெரிசாகி, கோட்டைத் தாண்டி, கடைசிப் பக்கம் முழுக்க ஒரே சொல். அப்புறம் மாதக்கணக்கில் பேனா மூடியைக்கூட நீ திறக்கவில்லை. அந்த நோய்க்குத் தருகிற லித்தியம் மாத்திரை பிடித்து, தூக்கம் வந்த பிறகு ஒரு மத்தியானம் அதே பக்கங்களை எடுத்து வைத்து, வேண்டாத வரிகளைக் கோடு போட்டு அடிக்க ஆரம்பித்தாய். மாத்திரையால் விரல் நடுங்கியது, அடித்த கோடுகள்கூட நேராக இல்லை. ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அடித்து, தண்ணீர் குடித்து (எவ்வளவு தாகம் உனக்கு அந்த நாட்களில்), மறுபடி அடித்து, சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு "இது போதும், இல்ல?" என்று கேட்டாய். நாலு வரி மிச்சம். அவ்வளவு நிதானமாக நீ எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அந்தக் கவிதை பிறந்தது அந்த மத்தியானத்தில்தான் அண்ணா.

தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. சுவீடனில் சுமார் 3 லட்சம் நோயாளிகளை வைத்து 2011-இல் வந்த ஆய்வில், உன் நோய் உள்ளவர்கள் படைப்புத் தொழில்களில் கூடுதலாகத்தான் இருக்கிறார்கள். நீ எப்போதும் சொல்லாமல் விடுகிற பாதி ஒன்று அதில் உண்டு: நோய் வராத உடன்பிறந்தவர்களும் அதே தொழில்களில் கூடுதலாக இருக்கிறார்கள். நானும் கதை எழுதிக்கொண்டிருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ தூங்காத ராத்திரிகளில் யாராவது கூட விழித்திருக்க வேண்டியிருந்தது, அதனால் நின்றுபோனது. உன் நாலு வரியைச் சொல்லிச் சிலிர்க்கிறவர்கள் ஒருவரும் அந்த ராத்திரிகளில் வந்து கதவைத் தட்டவில்லை.

சரி, வான்கோ. உடனே அவரை இழுப்பாய். 1889 மே மாதம் முதல் ஒரு வருஷம் பிரான்ஸின் செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது சுமார் 150 ஓவியங்கள் வரைந்தார், உண்மைதான். நோய் முற்றிய வாரங்களில் பெரும்பாலும் வேலை நின்றுபோனது, தெளிந்த நாட்களில்தான் வரைந்து தள்ளினார் என்பதும் உண்மை.

லித்தியம் சாப்பிட்ட 24 கலைஞர்களைப் பற்றி டேனிஷ் மருத்துவர் ஒருவர் 1979-இல் எழுதினார். 12 பேர் முன்னைவிட அதிகம் வேலை நடக்கிறது என்றார்கள், 6 பேர் மாற்றமில்லை என்றார்கள், 6 பேருக்குக் குறைந்துவிட்டது. அந்தக் கடைசி 6 பேரைப் போலத்தான் நீயும் என்றால் நம்புகிறேன். தலைக்குள் பஞ்சு அடைத்தது மாதிரி இருக்கிறது என்று நீ அழுததை எப்படிப் பொய் என்பேன்? அதை டாக்டரிடம் சொல், அளவை மாற்றிப் பார்ப்பார், வேறு மருந்து தருவார். நீயாக நிறுத்தினால் நோய் சீக்கிரமே திரும்பி வந்துவிடலாம், அது எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மனசு நோகும், மன்னித்துக்கொள். ஆனால் என்னையும் அந்தக் கைதட்டலில் சேர்க்காதே. நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஒரு தாளைக்கூடக் கிழிக்க மாட்டேன். நீ மறுபடி டாக்டரைப் பார், நாலு ராத்திரி சேர்ந்தாற்போல் தூங்கு, அப்புறம் வந்து நீயே உட்கார்ந்து வேண்டாத வரிகளை அடி. மிஞ்சுவதை நான் டைப் செய்கிறேன்.